மழை பெய்தால் அடிபம்புக்கு ஏன் நெருக்கடி?

கென்யாவின் தெற்குக் கடலோரத்தில் இருக்கிறது குவாலே மாவட்டம். அங்கே கிராமங்களில் குடிநீருக்கு அடிபம்புதான் பெரிய துணை. வறட்சி வந்தால் அதற்குச் சோதனை என்பது சொல்லாமலே புரியும். நல்ல மழையும் அதற்குச் சோதனைதான் என்பது பலருக்குத் தெரியாது.

மழை பிடித்ததும் தகரக் கூரையிலிருந்து கொட்டும் தண்ணீரை வீட்டு வாசலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் குட்டையும் திறந்த கிணறும் நிரம்பிவிடும். அப்படியிருக்க, 20 லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு போய், காசும் கொடுத்து, கை வலிக்க யார் பம்பு அடிப்பார்கள்? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பம்பின் கைப்பிடிக்குள் சிறிய அசைவு உணரி ஒன்றைப் பொருத்தினார்கள். கைப்பிடி ஏறி இறங்குவதை எண்ணி, செல்போன் வழியாக அது அனுப்பிவிடும். அந்தக் கணக்கை மழைப்பதிவோடு ஒப்பிட்டபோது, மழை பெய்தால் பம்பின் பயன்பாடு நன்றாகவே குறைவது தெரிந்தது.

முதலில் அடிபடுவது உடல்நலம். மழைநீர் மலத்தையும் சாணத்தையும் அடித்துக்கொண்டு போய்ச் சேர்வது அதே குட்டையிலும் திறந்த கிணற்றிலும்தான். மண்ணில் வடிகட்டி இறங்கிய பம்புத் தண்ணீரை விட்டுவிட்டு அதைக் குடித்தால் வயிற்றுப்போக்கு வருவதில் ஆச்சரியமில்லை.

அடுத்தது பணம். பல ஊர்களில் பம்பைப் பழுதுபார்க்கும் செலவு, தண்ணீர் எடுப்பவர்கள் தரும் காசிலிருந்துதான் வர வேண்டும். ஆஃப்ரிடெவ் வகை பம்பை எடுத்துக்கொள்வோம். உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கும். அது தேய்ந்தால், மேலே வர வேண்டிய தண்ணீர் இடுக்கு வழியே கீழேயே நழுவிவிடும். எவ்வளவு அடித்தாலும் கேன் நிறையாது. சீலை மாற்ற குழாயைக் கழற்ற வேண்டியதில்லை, பிஸ்டனோடு இணைந்த கம்பிகளை மேலே உருவினால் போதும். ஊர்க்காரர்களே செய்துவிடக்கூடிய சின்ன வேலை. ஆனால் மழை மாதங்களில் வசூல் படுத்துவிடுவதால், அந்தச் சின்னச் செலவும் தள்ளிப்போகிறது. அப்புறம் குட்டை வற்றியதும் ஊரே பம்புக்குத் திரும்பும். ஓயாமல் அடி விழும்போதுதான் தேய்ந்த சீல் கைவிடும்.

அந்த நேரத்தில் அடிபம்பு எவ்வளவு பெரிய ஆதாரம் என்பதை எத்தியோப்பியாவின் 2015–16 வறட்சி காட்டியது. ஊற்றுகளும் திறந்த கிணறுகளும் வற்றிப்போன இடங்களில், ஆழ்துளையில் இறக்கிய அடிபம்புகள் தாக்குப்பிடித்தன. மழை நின்றவுடன் ஆழத்து நீர் குறைந்துவிடாது. பல ஆண்டு மழை அங்கே சேமிப்பாக இருக்கும்.

இதற்கு வழியும் இருக்கிறது. கேனுக்கு இவ்வளவு என்று வாங்காமல் மாதச் சந்தாவாக வாங்கினால், மழை மாதத்திலும் பராமரிப்புக்குப் பணம் வரும். கென்யாவின் கியூசோ பகுதியில் 2013-இல் நடந்த சோதனையில், உணரி தரும் தகவலை வைத்து பழுதுநீக்குபவரை அனுப்பினார்கள். ஏறக்குறைய 27 நாட்கள் இழுத்த வேலை மூன்று நாட்களுக்குள் முடிந்தது. என்றாலும் ஏழை ஊர்களின் சந்தா மட்டுமே முழுச் செலவையும் தாங்காது. மீதியை அரசு ஏற்பதுதான் நியாயம். சீல் மாற்றும் வேலையை மழைக்காலத்திலேயே முடித்துவிடுவதும் நல்லது. அப்போது பம்பை அரை நாள் பிரித்துப் போட்டாலும் யாரும் தாகத்தோடு வரிசையில் நிற்க மாட்டார்கள்.