கப்பலுக்குள் காவல் நிலையம் இல்லை

தீபாவளி விடுமுறை முடிந்து இரண்டு மூன்று வாரங்கள் ஆனபின், பினாங்கு ஜார்ஜ் டவுன் லைட் ஸ்ட்ரீட்டில் உயர்நீதிமன்றத்துக்கு அருகே இருக்கும் என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஒரு தாய் வந்தார். கடற்படைக் கப்பலில் பணிபுரியும் மகன் விடுப்பில் வந்தவன் திரும்பிச் செல்லவில்லை என்றும், கைப்பேசியை அணைத்துவிட்டு பட்டர்வொர்த்தில் சித்தி வீட்டில் படுத்துக் கிடக்கிறான் என்றும் சொன்னார். "கப்பல் போலீஸ் பிடித்தால் அடித்தே கொன்றுவிடுவார்களாமே, சார்?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பெயரும் கப்பலும் இங்கே வேண்டாம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை வேறு வேறு குரல்களில் பலமுறை கேட்டுவிட்டதால், இதைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் மகனையே அழைத்து வந்தார். தங்குமிடத்தில் ஒருவருடைய பெட்டியிலிருந்து 200 ரிங்கிட் காணாமல் போயிருக்கிறது. சந்தேகம் இவன்மீது விழுந்திருக்கிறது. மேலிடத்துக்குச் சொல்லாமல் நாமே விசாரித்துக்கொள்வோம் என்று உடன் தங்கியிருந்த சிலர் பேசிக்கொண்டதை இவன் கேட்டிருக்கிறான். அவன் பயந்து ஓடியது அந்தப் பேச்சுக்குத்தான். ஆனால் தாயிடம் அவன் சொன்னதோ, "கப்பல் போலீஸ்." யாரிடம் ஓடியிருக்க வேண்டுமோ அவரிடமிருந்தே ஓடிவந்திருந்தான்.

கப்பலில் ஒழுங்கைக் காப்பவர் யார் என்பது கடற்படையில் சேரும் நம் பிள்ளைகளில் பலருக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை. பிரிட்டிஷ் மரபில் வளர்ந்த கடற்படைகளில் இந்தப் பொறுப்பு மாஸ்டர்-அட்-ஆர்ம்ஸ் எனப்படும் மூத்த மாலுமியுடையது. பெயரைக் கேட்டால் ஆயுத ஆசிரியர் என்று தோன்றும்; தொடக்கத்தில் அவர் வேலையும் மாலுமிகளுக்குச் சிறு ஆயுதப் பயிற்சி கொடுப்பதுதான். காலப்போக்கில் ஆயுதம் பின்னுக்குப் போய், இரவில் விளக்கணைப்பது, சூதாட்டத்தைத் தடுப்பது, குடித்துவிட்டுத் தகராறு செய்பவனை அடைத்து வைப்பது, குற்றம் சாட்டப்பட்டவனைக் கப்பல் தலைவர் முன் நிறுத்துவது ஆகியவை அவருடைய வேலையாகிவிட்டன. மாலுமிகள் அவருக்குச் சூட்டிய பட்டப்பெயர்களில் மரியாதையானவை குறைவு. சிறிய கப்பல்களிலும் நீர்மூழ்கிகளிலும் இதற்கென்று தனி ஆள் கிடையாது. காக்ஸ்வெயின் எனப்படும் மூத்த மாலுமியே தன் மற்ற வேலைகளோடு இதையும் பார்த்துக்கொள்வார். மலேசியாவில் இந்தப் பணியைச் செய்வோரைப் புரோவோஸ் என்கிறோம். அவர்கள் செயல்படுவதற்கான அடிப்படைச் சட்டம் 1972ஆம் ஆண்டின் ஆயுதப்படைச் சட்டம்.

இதில் பெரும்பாலோர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. கப்பல் போலீஸ் தண்டிப்பவர் அல்லர். அவர் புகாரைப் பதிவு செய்வார், விசாரிப்பார், சாட்சிகளைச் சேர்ப்பார், குற்றம் சாட்டப்பட்டவரைத் தலைவரின் மேசைக்கு அழைத்து வருவார். அங்கே தொப்பியைக் கழற்றச் சொல்வதும் அவர்தான். தொப்பி இல்லாமல் நிற்கும் இளைஞனுக்கு அது அவமானமாகத் தெரியலாம். ஆனால் அதன்பின் நடப்பது விசாரணை. குற்றச்சாட்டு வாசிக்கப்படும்; சாட்சிகள் பேசுவார்கள்; அவனுடைய பிரிவு அதிகாரி அவன் சார்பில் பேசுவார்; தீர்ப்பைக் கப்பல் தலைவர் சொல்வார். கடுமையான குற்றமென்றால் அது அந்த மேசையோடு முடியாமல் இராணுவ நீதிமன்றத்துக்குப் போகும். பிடிப்பவர் வேறு, தீர்ப்பளிப்பவர் வேறு என்ற இந்தப் பிரிவு, நகர நீதிமன்றங்களில் நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும் ஒன்று. மாதக்கணக்கில் கடலில் இருக்கும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் அதைக் காப்பாற்றுவது எளிதன்று. தலைவரே உணவு போடுபவர், தலைவரே பதவி உயர்வுக்குப் பரிந்துரைப்பவர், தலைவரே நீதிபதி என்ற நிலையில், அந்த அரைகுறைப் பிரிவாவது இருப்பது மாலுமிக்குப் பெரிய காப்பு.

அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய பிரிட்டிஷ் கடற்படையே சான்று. உடன் தங்கியிருப்பவனிடம் திருடியவனை இரு வரிசையாக நிற்கும் சக மாலுமிகளுக்கு நடுவே நடக்கவிட்டு, ஒவ்வொருவரும் கயிற்றால் அடிக்கும் தண்டனை அங்கே இருந்தது. பூட்டில்லாமல் தோளோடு தோள் உறங்கும் இடத்தில் திருட்டைப்போல் நம்பிக்கையைக் குலைப்பது வேறெதுவும் இல்லை என்பதால், அந்தத் தண்டனையை மாலுமிகளே நியாயமானதாகக் கருதினார்கள். 1806இல் கடற்படை நிர்வாகம் அதை ஒழித்தது. வேலையில் சுணங்குபவனை விசாரணையில்லாமல் கயிற்று நுனியால் அங்கேயே விளாசும் வழக்கத்துக்கு 1809இல் தடை வந்தது. தலைவரின் ஆணைப்படி சாட்டையால் அடிப்பது அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் நீடித்தது என்பதையும் மறைக்கக் கூடாது. இருந்தாலும், கும்பலின் கையிலிருந்தும் கோபக்காரனின் கையிலிருந்தும் தண்டனையை முதலில் பிடுங்கி எடுத்தார்கள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 2017இல் கோலாலம்பூர் சுங்கை பெசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழக விடுதியில், கடற்படைப் பயிற்சி மாணவர் ஒருவர்மீது மடிக்கணினி திருடியதாகச் சந்தேகம் எழுந்தது. சக மாணவர்கள் தாங்களே "விசாரித்தார்கள்". நீராவி இஸ்திரிப் பெட்டியால் உடம்பெங்கும் சுடப்பட்ட அந்த இளைஞர், அந்த ஆண்டு ஜூன் முதல் நாள் உயிரிழந்தார். வழக்கு இராணுவ மேசைக்கன்று, உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. 2021இல் அறுவருக்கு 18 ஆண்டுச் சிறை, 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மரண தண்டனை, 2025இல் கூட்டரசு நீதிமன்றத்தில் மீண்டும் 18 ஆண்டு என்று அது ஏறி இறங்கியது. சட்டம் படித்தவர்கள் கொலையா, கொலைக்கு ஈடாகாத மரணம் விளைவித்தலா என்ற வாதத்தைப் பற்றிப் பேசுவார்கள். என் மனத்தில் தங்கியிருப்பது வேறு: ஒரு மடிக்கணினி காணவில்லை என்று எழுதி ஒரு புகார் புரோவோஸ் மேசைக்குப் போயிருந்தால், ஏழு குடும்பங்களின் கதை மாறியிருக்கும். என் முன்னால் உட்கார்ந்திருந்த தம்பியிடம் இந்த வழக்கைப் பற்றிக் கேட்டேன். தெரியும் என்றான். தெரிந்ததனால்தான் ஓடினேன் என்றான்.

ஒழுங்கு என்றாலே கீழே இருப்பவனை அடக்குவது என்று நினைப்பவர்களுக்கு, என் அலுவலகத்திலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் நடந்த ஒன்றைச் சொல்வேன். நம் ஆட்கள் இன்றைக்கும் எதற்கும் துணிந்த ஆளை "அவன் பெரிய எம்டன்" என்பார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்ட அந்த ஜெர்மானியக் கப்பல், அடுத்த மாதம் 28ஆம் தேதி விடிவதற்கு முன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. மூன்று புகைபோக்கிகளோடு நான்காவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை மாட்டிக்கொண்டு, பிரிட்டிஷ் கப்பல் போல வந்தது. உள்ளே ருஷ்யாவின் ஜெம்சுக் என்ற போர்க்கப்பல் நங்கூரமிட்டிருந்தது. போர் நடந்துகொண்டிருந்த காலம். ஆனால் கூர்ந்த காவல் இல்லை. வெடிபொருள்களில் பெரும்பகுதி கீழே பூட்டிக் கிடந்தது. கப்பல் தலைவர் செர்காசோவ் கரையில் ஹோட்டலில் இருந்தார். எம்டன் இரண்டு டார்ப்பிடோக்களை ஏவியது. எண்பதுக்கும் மேற்பட்ட ருஷ்ய மாலுமிகள் நம் கடற்கால்வாயில் இறந்தார்கள். அவர்களில் சிலரின் கல்லறைகள் வெஸ்டர்ன் ரோடு இடுகாட்டில் இன்றும் இருக்கின்றன.

எனக்கு இதில் ஈர்ப்பு தாக்குதலைவிட அதற்குப் பிந்தைய விசாரணைதான். ருஷ்யக் கடற்படை நீதிமன்றம் கூண்டில் நிறுத்தியது காவலில் தூங்கிய எவனோ ஓர் எளிய மாலுமியை அன்று. தலைவர் செர்காசோவுக்கு மூன்றரை ஆண்டுச் சிறையும், அவர் இல்லாதபோது பொறுப்பிலிருந்த துணைத் தலைவர் குலிபினுக்கு ஒன்றரை ஆண்டுச் சிறையும் விதித்து, பதவியையும் பறித்தது. பின்னர் ஜார் மன்னர் சிறைக்குப் பதிலாக இருவரையும் சாதாரண வீரர்களாகப் போர்முனைக்கு அனுப்பினார். காவலாளியை நிறுத்துவதும் வெடிபொருளைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும் ஒழுங்கின் பகுதிகளே. அவை தவறும்போது பதில் சொல்ல வேண்டியது மேலே இருப்பவர்.

மேலே இருப்பவர் பதில் சொல்லாவிட்டால் என்னவாகும் என்பதை 1946 பிப்ரவரியில் பம்பாய் பார்த்தது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியக் கடற்படையின் தல்வார் தகவல்தொடர்புப் பள்ளி மாலுமிகள் மோசமான சாப்பாட்டையும் தளத் தலைவரின் இழிசொற்களையும் பற்றி முறையாகப் புகார் செய்தும் தீர்வு கிடைக்கவில்லை. 18ஆம் தேதி அவர்கள் சாப்பிட மறுத்தார்கள். சில நாள்களில் அது கராச்சி, சென்னை என்று பரவியது. அதற்கு விடுதலை உணர்வும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தீப்பிடித்த இடம் புகார் மனு தூங்கிக் கிடந்த மேசை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். விடுப்பு முடிந்தும் வராமல் இருப்பதும், திரும்புவதில்லை என்ற எண்ணத்தோடு ஓடிவிடுவதும் சட்டத்தில் வேறு வேறு குற்றங்கள்; இரண்டாவது மிகக் கடுமையானது. இரண்டையும் பிரிப்பது நாள்கணக்கு மட்டுமன்று, மனத்தின் நோக்கம். நோக்கத்தை யாரும் திறந்து பார்க்க முடியாது என்பதால் நடத்தையிலிருந்துதான் ஊகிப்பார்கள். கைப்பேசி எண்ணை மாற்றியது, சீருடையைத் தூக்கி எறிந்தது, வேறு வேலையில் சேர்ந்தது ஆகிய ஒவ்வொன்றும் அவனுக்கு எதிரான சாட்சியாகும். "கொஞ்ச நாள் போகட்டும், ஆறிவிடும்" என்று உறவினர்கள் சொல்லும் அறிவுரையைப் போல் கெடுதலானது எதுவுமில்லை. ஆறாது.

உறவினர்களுக்கும் ஆபத்து உண்டு. ஓடிவந்தவன் என்று தெரிந்தே ஒரு படைவீரனுக்கு அடைக்கலம் கொடுப்பது தண்டனைச் சட்டம் 136ஆம் பிரிவின்கீழ் குற்றம். அந்தப் பிரிவில் ஒரே ஒரு விலக்கு இருக்கிறது: கணவனுக்கு இடம் கொடுத்த மனைவிக்கு. தாய்க்கு இல்லை; சித்திக்கும் இல்லை. இதைப் படித்துக் காட்டியபோது அந்த அம்மா, "பெற்றவளுக்கு இல்லாத விலக்கா?" என்று கேட்டார். சட்டம் எழுதியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. எனக்கும் அதற்குப் பதில் தெரியாது.

அன்றைக்கே அந்தத் தம்பியைக் கைப்பேசியை இயக்கச் சொல்லி, தன் பிரிவு அதிகாரிக்கு என் முன்னாலேயே பேச வைத்தேன். வருகிறேன் என்று மட்டும் சொல்லாமல் எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லச் சொன்னேன். பணம் காணாமல் போனது, யார் என்ன பேசினார்கள், அதைத் தான் எங்கிருந்து கேட்டான் என்பதையெல்லாம் தேதிவாரியாக ஒரு தாளில் மலாயில் எழுத வைத்தேன். போய்ச் சேர்ந்ததும் தங்குமிடத்துக்குப் போகாமல் நேரே புரோவோஸ் அலுவலகத்தில் தன்னை ஒப்படைத்துக்கொண்டு, அந்தத் தாளைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் கேட்க வேண்டும் என்றேன். புரியாத எதிலும் கையெழுத்திட வேண்டாம், வழக்கு இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட வேண்டும் என்று கோரும் உரிமை உண்டா என்று மேசையிலேயே கேள் என்றும் சொன்னேன். வராமல் இருந்த நாள்களுக்குத் தண்டனை கிடைக்கும், சம்பளம் போகும். அதை மறைத்து அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை.

மறுநாள் காலை பட்டர்வொர்த்தில் பேருந்து ஏறுமுன் தொலைபேசியில் அழைத்தான். அவனிடம் கடைசியாகச் சொன்னது, பயணச்சீட்டைக் கிழித்துப் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொள் என்பது. பிடிபட்டு வந்தவன் அல்லன், தானாகத் திரும்பி வந்தவன் என்பதற்கு, தேதியும் நேரமும் அச்சான அந்தத் துண்டுத் தாளைவிட நல்ல சாட்சி அவனிடம் வேறு இல்லை.