உயிர்ப் பல்வகைமை: வகையா, தொகையா?

வெள்ளவத்தைக் கடைகளில் சில தேயிலைப் பெட்டிகளில் பச்சைத் தவளை முத்திரை ஒன்று இருக்கும். அது ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பின் சான்று. போன கிழமை மருமகள் கேட்டாள்: "மாமா, தேயிலைக்கும் தவளைக்கும் என்ன சம்பந்தம்?" தவளையின் தோல் மெல்லியது, பூச்சிமருந்தும் அழுக்குத் தண்ணீரும் அதைச் சீக்கிரம் தாக்கிவிடும், அது நலமாக இருக்கும் இடத்தில் மற்ற உயிர்களும் இருக்கும் என்றேன். அப்புறம், உயிர்கள் எத்தனை விதம் என்பதைக் குறிக்கும் 'பயோடைவர்சிட்டி' என்ற சொல் வந்தது. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'பயோஸ்' கிரேக்கத்தில் வாழ்க்கை. 'டிவெர்சுஸ்' லத்தீனில் வெவ்வேறு பக்கம் திரும்பியது. இரண்டையும் ஒட்டியவர் அமெரிக்க அறிவியலாளர் வால்டர் ரோசன், 1985இல். அடுத்த ஆண்டு வாஷிங்டனில் நடந்த மாநாட்டுக்காகச் செய்த சுருக்கம் அது. 1992 ரியோ மாநாட்டின் சமவாயம், அதாவது நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை, அதை உலகச் சொல்லாக்கியது.

தமிழகப் பத்திரிகைகளில் 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்று வருகிறது. எனக்கு இது பிழையாகவே படுகிறது. பெருக்கம் என்றால் கூடுதல். கொசு பெருகினாலும் பெருக்கம்தான். 'பல்லுயிர்' அழகான பழஞ்சொல், குறளிலேயே "பல்லுயிர் ஓம்புதல்" உண்டு. ஆனால் அங்கே பேச்சு பல உயிர்களைக் காப்பது பற்றி, அவை எத்தனை விதம் என்பது பற்றி அல்ல. இலங்கைப் பாடநூல்களிலும் அரச ஆவணங்களிலும் உள்ள 'உயிர்ப் பல்வகைமை'தான் சரியான சொல். பல், வகை, மை: நடுவில் நிற்கும் 'வகை'யில்தான் பொருளே இருக்கிறது. 'பல்லினம்' என்றும் சொல்ல முடியாது. பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன், சுவந்தெல் எல்லாம் நெல் என்ற ஒரே இனம், ஆனால் வகை வேறு. சமவாயமும் ஓர் இனத்துக்குள் உள்ள வேறுபாடு, இனங்களுக்கிடையே உள்ள வேறுபாடு, சூழல் தொகுதிகளின் வேறுபாடு என மூன்றையும் சேர்த்தே எண்ணுகிறது.

ஒரு தோட்டத்தின் பல்வகைமையை அளக்கப் போகும்போதுதான் இந்தச் சொல் வேலை செய்கிறது. இரண்டு தோட்டங்கள், ஒவ்வொன்றிலும் 100 நிழல் மரங்கள், நான்கு இனங்கள் என்று வையுங்கள். ஒன்றில் 97 கிரவீலியா, மற்ற மூன்றும் ஒவ்வொரு மரம். மற்றதில் கிரவீலியா, பலா, கமுகு, கிராம்பு, ஒவ்வொன்றும் 25. இனங்களை மட்டும் எண்ணினால் இரண்டும் சமம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மரங்களைத் தொட்டால்? அவை வேறு வேறு இனமாக இருக்கும் வாய்ப்பு முதல் தோட்டத்தில் 100க்கு 6, இரண்டாவதில் 100க்கு 76. 1949இல் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் எட்வர்ட் சிம்ப்சன் தந்த அளவுகோல் இப்படித்தான் யோசிக்கிறது. பெருக்கம் என்று பெயர் வைத்திருந்தால் இந்த வித்தியாசத்தை எப்படிச் சொல்வது?

சரி, முத்திரை தரும்போது 'சேட்டிஃபை' பண்ணுவது என்கிறார்களே, அதற்குத் தமிழ்? சான்றளித்தல் போதும், கையில் வரும் தாள் சான்றிதழ். ஆனால் அளத்தலும் சான்றளித்தலும் ஒன்றல்ல. தவளை முத்திரை தரும்போது முக்கியமாகப் பார்ப்பது தோட்டம் நடக்கும் முறையை: 2014 ஜனவரி 1க்குப் பிறகு இயற்கைக் காட்டை அழித்துப் பயிரிட்டார்களா, என்ன மருந்து தெளிக்கிறார்கள், தொழிலாளரை எப்படி நடத்துகிறார்கள். எத்தனை வகைத் தவளை அங்கே கத்துகிறது என்பதை அந்த முத்திரை சொல்லாது. மருமகளுக்கு அதையும் சொன்னேன். "அப்போ யார் மாமா எண்ணுறது?" என்றாள்.