விடுதி அறைக்குள் நாள்தோறும் நுழையும் 24 லிட்டர் தண்ணீர்

சிங்கப்பூரில் விடிகாலை மூன்று மணிக்கும் வெப்பமானி 25 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். பகலில் 31, 32. இதைக் கடும் வெயில் என்று சொல்ல முடியாது. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வருகிறவர்கள் இதைவிடக் கொடிய கோடையைப் பார்த்தவர்கள். ஆனாலும் இங்கே வந்து இறங்குகிறவர் முதல் இரவே புழுக்கத்தில் புரளுவார். சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டும் ஒப்பு ஈரப்பதம்தான் (காற்று தாங்கக்கூடிய நீராவியில் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு) காரணம். வெளியூர்க்காரருக்குப் படுக்க இடம் கொடுக்கும் தொழில் இந்தத் தீவில் 200 ஆண்டுகளாக மல்லுக்கட்டுவது வெப்பத்தோடு என்பதைவிட, காற்றில் கலந்த நீராவியோடு என்பதே சரி.

தூங்கும் மனித உடல் சுமார் 70 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீர் ஆவியாகிறது. ஒவ்வொரு கிராமும் ஆவியாகும்போது 2.4 கிலோஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துப் போகும். காற்று வறண்டிருந்தால் இது தானாக நடக்கும். காற்று ஏற்கெனவே நனைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் தலையணை உறையில் இறங்கும். ஆகவே தங்கும் அறைக்கு வேலை இரண்டு: அந்த வெப்பத்தையும் அந்த ஈரத்தையும் வெளியே அனுப்ப வேண்டும். இரண்டாவது வேலைதான் கடினம்.

வறண்ட நாடுகளில் இந்தக் கடினம் கிடையாது. பாரசீகத்தின் பழைய வணிகப் பாதைகளில் ஒட்டகம் ஒரு நாளில் நடக்கும் 30, 40 கிலோமீட்டருக்கு ஒன்றாகச் சத்திரங்கள் இருந்தன. அவற்றுள் 54 கட்டடங்களை யுனெஸ்கோ 2023இல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. ஒரே வாசல், தடித்த சுவர், நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் அறைகள்: பெரும்பாலானவற்றின் அமைப்பு இதுதான். 40 டிகிரி வெப்பமும் 15 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றைத் தண்ணீர் மீது செலுத்தினால் ஏறத்தாழ 21 டிகிரி வரை குளிர்விக்க முடியும். அதனால் அங்கே நீர்த்தொட்டியும் காற்றைப் பிடித்து உள்ளே இறக்கும் கோபுரமும் பலன் தந்தன. தமிழ்நாட்டுச் சத்திரங்களின் திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் ஓரளவு இதே கணக்கில் அமைந்தவை. இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தை இன்றும் பார்க்கலாம். கோடையில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டால் குளுமை வரும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த அறிவியல்.

அதே தட்டியைச் சிங்கப்பூரில் தொங்கவிட்டால் என்ன ஆகும்? 31 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்றை எவ்வளவு நனைத்தாலும் 26 டிகிரிக்குக் கீழே இறங்காது. குளிர்ச்சி ஐந்து டிகிரிகூடக் கிடைக்காது, ஈரம் மட்டும் கூடும். எனவே இங்கே மிச்சமிருந்த ஒரே வழி, காற்றை ஓட விடுவது. தோல்மீது நொடிக்கு ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில் காற்று ஓடினாலே, அறை இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போன்ற சுகம் கிடைக்கும்.

1822இல் சிங்கப்பூரைப் பிரிட்டிஷ் துறைமுகமாக நிறுவிய ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், கடைவீடுகளின் (கீழே கடை, மேலே வீடு) முகப்பில் தொடர்ச்சியான மூடுநடை இருக்க வேண்டும் என்றது. அதுதான் ஐந்தடி நடைபாதை. அது மழையையும் வெயிலையும் சுவரில் படாமல் தடுத்தது. சன்னலை மழையிலும் திறந்து வைக்க முடிந்தது. கடைவீடு அகலம் குறைந்தது, ஆழம் மிக நீண்டது. நடுவே வானம் தெரியும் முற்றம் ஒன்று. உள்ளே வெப்பமான காற்று அந்த முற்றம் வழியாக மேலே ஏற, முன்வாசலும் பின்வாசலும் புதிய காற்றை இழுக்கும். இரண்டு மாடி, அதாவது ஆறு மீட்டர் உயரத்தில், உள்ளுக்கும் வெளிக்கும் இரண்டு டிகிரி வித்தியாசம் இருந்தால், திறப்பில் காற்றின் வேகம் நொடிக்கு அரை மீட்டர்வரை வரும். அதுவும் வழியில் தடை ஏதும் இல்லாதபோது. மிகச் சன்னமான விசைதான். ஒரு கதவை மூடினால் செத்துவிடும்.

இந்தச் சன்னமான விசையை எப்படிக் காப்பாற்றுவது, எப்படிக் கெடுப்பது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் இதே ஊரில் இருந்தன. மார்க்கெட் ஸ்திரீட்டில், வட்டிக்குக் கடன் கொடுத்த நகரத்தார்களின் கிட்டங்கிகள், அதாவது தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கட்டடங்கள். நீண்ட கூடத்தில் பல கடைக்காரர்களின் பெட்டியடிகள் வரிசையாக இருக்கும். தாழ்ந்த மேசை, பக்கத்தில் பெட்டகம். பகலில் அங்கேயே வரவுசெலவு, இரவில் அங்கேயே பாய். சமையல் பொது. இடையில் சுவர் எழுப்பவில்லை. கணக்கும் நம்பிக்கையும் சார்ந்த ஏற்பாடு அது, காற்றுக்காகத் திட்டமிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் முன்வாசலிலிருந்து முற்றம்வரை தடையில்லாத கூடம் என்பதால் காற்றோட்டத்துக்கு அதைவிட நல்ல அமைப்பு அந்தக் கட்டடத்தில் சாத்தியமில்லை. 1970களின் நகரச் சீரமைப்பில் கிட்டங்கிகள் மறைந்தன.

சைனாடவுனில் அதே அளவுக் கடைவீடுகளைப் பலகை அடித்துச் சிறு சிறு அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். பல அறைகளுக்குச் சன்னலே கிடையாது. கூலித் தொழிலாளர்கள் படுக்கையை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 19 கன மீட்டர் கொண்ட அறையில் நான்கு பேர். மணிக்கு 160 கிராம் நீராவி. 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் அந்தக் காற்று, முழுக்க நிறைவதற்கு இன்னும் சுமார் 100 கிராம்தான் தாங்கும். காற்றே மாறாவிட்டால், சுவர் உறிஞ்சுவதைத் தள்ளிவிட்டால், நாற்பது நிமிடத்தில் காற்று நிறைந்துவிடும். ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்க வேண்டியிருந்ததால் காசநோய் பரவியது. 1907இல் மருத்துவர் டபிள்யூ. ஜே. சிம்ப்சன் அளித்த சுகாதார அறிக்கை இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. முதுகோடு முதுகு ஒட்டி நின்ற வீடுகளைப் பிளந்து பின்சந்துகள் அமைக்கச் சொன்னது. இன்று லிட்டில் இந்தியாவிலும் சைனாடவுனிலும் நாம் குறுக்கே நடக்கும் பல பின்சந்துகளுக்கு அந்தச் சிந்தனைதான் வேர்.

வசதி படைத்தவர்கள் தங்கிய இடத்திலும் இயற்பியல் மாறவில்லை. ஆர்மேனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887 டிசம்பர் 1 அன்று பீச் ரோட்டில் பத்து அறைகள் கொண்ட பங்களாவில் ராஃபிள்ஸ் ஹோட்டலைத் திறந்தார்கள். 1899இல் கட்டடக் கலைஞர் பிட்வெல் வடிவமைத்த முதன்மைக் கட்டடம் எழுந்தது. உயர்ந்த கூரை, முன்னால் வராந்தா, பிறகு கூடம், படுக்கை, கடைசியில் குளியலறை என ஒரே நேர்கோட்டில் அமைந்த அறைத்தொகுதிகள். அறை நெடுகக் காற்று ஊடுருவ அந்த வரிசையே வழி. மின்விளக்கும் மின்விசிறியும் அப்போதே வந்துவிட்டன. அதுவரை கூரையில் தொங்கிய துணிப் பங்காவை ஒரு மனிதர் கயிற்றால் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் கண்ணயர்ந்தால் விருந்தாளி விழித்துக்கொள்வார். ஆசியாவின் காலனித்துவ விருந்தோம்பல் அந்தக் கையசைவில்தான் நடந்தது. அதைச் செய்தவர்களின் பெயர்கள் எந்த ஹோட்டல் சுவரிலும் பொறிக்கப்படாதது வருத்தத்துக்குரியது.

அடுத்த பெரிய மாற்றம் ஓர் அச்சகத்தில் பிறந்தது. 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஈரக்காற்றால் காகிதம் உப்பி, வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழவில்லை. வில்லிஸ் கேரியர் அதற்குத் தீர்வு கண்டார்: காற்றைக் குளிர்ந்த சுருள் மீது செலுத்து, தேவைக்கு மிஞ்சிய நீர் சுருளிலேயே படிந்து வடியட்டும். அதாவது ஏர்கான் பிறந்ததே ஈரத்தை எடுக்கத்தான். சிங்கப்பூரில் 1939இல் திறந்த கேத்தே திரையரங்கில் பொதுமக்கள் அந்தக் குளிர்ச்சியை அனுபவித்தார்கள். போருக்குப் பின் ஹோட்டல்கள் சன்னலை மூடிக்கொண்டன. வராந்தாவும் உயர்ந்த கூரையும் தேவையற்றவையாகத் தோன்றின. புதிய சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

30 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள வெளிக்காற்றின் ஒவ்வொரு கன மீட்டரிலும் 24 கிராம் நீராவி இருக்கும். 24 டிகிரி, 60 விழுக்காடு என்ற வசதியான அறைக்காற்றில் 13 கிராம். வித்தியாசம் 11 கிராம். ஹோட்டல் அறையொன்றின் குளியலறை விசிறி நொடிக்கு 25 லிட்டர், அதாவது மணிக்கு 90 கன மீட்டர் காற்றை வெளியேற்றுகிறது. அதே அளவு காற்று எங்கிருந்தோ உள்ளே வந்தே தீரும். 90ஐ 11ஆல் பெருக்கினால் மணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஒரு நாளைக்கு 24 லிட்டர் தண்ணீர், ஒரே அறையில். அதைச் சுருளில் படிய வைக்க 680 வாட் குளிர்விக்கும் திறன் வேண்டும். அதே காற்றின் வெப்பநிலையை 30இலிருந்து 24க்கு இறக்க 180 வாட்கூடத் தேவையில்லை. சுவரில் உள்ள வெப்பநிலை எண்பலகை காட்டுவது இந்தச் சிறிய வேலையை மட்டுமே; நான்கு மடங்கு பெரிய வேலை நடக்கிறதா இல்லையா என்று அது சொல்வதில்லை.

பெரும்பாலான கோளாறுகள் இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கின்றன. ஃபேன் காயில் எனப்படும், குளிர்நீர்ச் சுருளும் விசிறியும் சேர்ந்த பெட்டி தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் அறை ஐந்தே நிமிடத்தில் குளிர்ந்து, குளிர்நீர் வால்வு மூடிக்கொள்ளும். விசிறி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். சுருளில் படிந்திருந்த நீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பும். 23 டிகிரி காட்டும், படுக்கை விரிப்போ பிசுபிசுக்கும். விருந்தாளி 18க்கு இறக்குவார், நிலைமை இன்னும் மோசமாகும். மின்சாரம் மிச்சம் பிடிக்கக் குளிர்நீரை 7 டிகிரியிலிருந்து 11, 12க்கு ஏற்றினாலும் இதே கதி: குளிர்ச்சி கிடைக்கும், ஈரம் போகாது.

பூஞ்சை வேறு வழியில் வருகிறது. வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது நீராவி துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை, இங்கே எப்போதும் 24 டிகிரி அளவில் இருக்கும். அறையை 20இல் வைத்தால் உட்சுவரின் முகம் 21 இருக்கும். குளியலறை விசிறி எடுக்கும் அளவுக்கு யாரும் புதுக்காற்று ஊட்டவில்லை என்றால் அறை வெளிக்காற்றைச் சுவர் இடுக்குகள் வழியே உறிஞ்சும். சுவரில் வினைல் சுவர்த்தாள் ஒட்டியிருந்தால் நீராவி அதைக் கடக்க முடியாமல் பின்புறத்தில் நீராய்ப் படியும். பரப்பின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் சில நாள் நீடித்தால் போதும், பசையைத் தின்று கறுப்புப் புள்ளிகள் முளைக்கும். மேலே பூசி மறைப்பதால் பயனில்லை. காரணம் தாளின் பின்னால் இருக்கிறது.

சோதிப்பது எளிது. அறைக்கதவு, பால்கனிக் கதவு இரண்டையும் மூடி, குளியலறை விசிறியை ஓடவிட்டு, மெல்லிய டிஷ்யூத் துண்டைப் பால்கனிக் கதவின் இடுக்கில் பிடியுங்கள். அது உள்நோக்கி வளைந்தால் அறை வெளிக்காற்றைக் குடிக்கிறது. தீர்வு, ஈரம் நீக்கிய புதுக்காற்றைத் தனி இயந்திரம் மூலம் ஊட்டுவது. அந்த இயந்திரம் வெளிக்காற்றை 13 டிகிரிவரை குளிர்வித்தால் கன மீட்டருக்கு 11 கிராம்தான் மிஞ்சும். வெளியேறும் 90 கன மீட்டருக்குப் பதில் 100 கொடுத்தால் அறை எப்போதும் வெளிநோக்கியே மூச்சுவிடும். பிறகு சுருளுக்கு மிஞ்சும் வேலை, உடல்களும் விளக்கும் வெயில்பட்ட சுவரும் தரும் வெப்பத்தை எடுப்பதுதான். சுருளுக்கடியில் உள்ள தட்டின் வடிகுழாய் நூற்றுக்கு ஒன்று என்ற சரிவிலாவது இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் வழுவழுப்பான பாசி அடைத்து நீர் கூரையில் இறங்கும். குளிர்நீர்க் குழாயின் உறை ஓர் அங்குலம் கிழிந்தாலும் பழுப்பு வட்டம் தோன்றும். ஆளில்லாத அறையைச் சாவி அட்டை எடுத்தவுடன் முழுதும் அணைப்பது சிக்கனம் போல் தெரிந்தாலும், அதற்குப் புதுக்காற்று மட்டுமாவது நிற்காமல் போக வேண்டும்.

1989இல் பாதுகாப்புப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட சைனாடவுன், கம்போங் கிளாம், லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் பல இன்று சிறு ஹோட்டல்களாக உள்ளன. அவற்றின் செங்கலும் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை வாங்கி மெல்ல விடும் தன்மை கொண்டவை. அதன்மேல் சிமெண்டும் பளபளப்பு வண்ணமும் பூசினால் தரையிலிருந்து ஏறும் ஈரம் உள்ளேயே சிக்கி, பூச்சு பொரிந்து உதிரும். காற்று புகும் சுண்ணாம்பு வண்ணமே அங்கே பொருத்தம்.

2016இல் திறந்த ஒயாசியா டவுன்டவுன் ஹோட்டல் வேறு திசையில் போகிறது. சிவப்பு அலுமினியக் கம்பிவலைக்குள் நிற்கும் அந்தக் கோபுரத்தில், அடுக்குகளுக்கு இடையே பெரிய வான்வராந்தாக்கள் திறந்தே இருக்கின்றன. அங்கே ஏர்கான் இல்லை. குறுக்கே ஓடும் காற்றே போதும். பொது இடத்தைத் திறந்துவிட்டால், ஈரத்துக்கும் வறட்சிக்கும் இடையிலான எல்லை ஒவ்வொரு அறையின் கதவுக்கும் நகர்கிறது. எனவே திறந்த வராந்தாவை நோக்கும் எந்த அறைக்கும் கதவின் நான்கு ஓரமும் ரப்பர் பட்டையால் இறுக வேண்டும், உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக நிற்க வேண்டும், கதவின் நிலைச்சட்டம் உலோகமாக இருந்தால் இடையில் வெப்பம் கடத்தாத பட்டை வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கதவின் வெளிப்பக்கம் வியர்த்து, வாசலில் நீர் தேங்கும்.