வருடி அல்ல, அலகிடி

"நுண்வருடி உணவுக்குழாய்க்குள் சென்று, சுவரை வருடிப் படமெடுக்கும்." மருத்துவக் கருவிகள் பற்றிய ஒரு விளக்கத்தில் இந்த வாக்கியம் மறுபடியும் காதில் விழுந்தது. உடலுக்குள் சென்று படமெடுக்கும் நுண்ணிய ஸ்கேனரைத்தான் இப்படி 'நுண்வருடி' என்கிறார்கள். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஸ்கேன் என்பதன் வேர், ஏறுதல் என்று பொருள்படும் லத்தீன் சொல். செய்யுளைச் சீர் சீராகப் பிரித்து அளப்பதற்கு அது பெயரானது. பிறகு கூர்ந்து பார்த்தல், அதன்பின் கதிரை ஓடவிட்டுப் படமாக்குதல் என்று பொருள் விரிந்தது.

வருடுதல் என்றால் மெல்லத் தடவுதல். குழந்தையின் முதுகை வருடுகிறோம். நுண்வருடி என்று கேட்கும் நோயாளி, உள்ளே எதையோ விட்டுத் தடவப்போகிறார்கள் என்றுதான் அஞ்சுவார். நடப்பதோ வேறு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான அகநோக்கியை, அதாவது எண்டோஸ்கோப்பை, எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 1.2 மி.மீ. தடிமன்தான். அதற்குள் ஒளியைச் செலுத்துவது ஒற்றை ஒளியிழை (ஆப்டிகல் ஃபைபர்). அதன் முனை அதிர்ந்து சுருள் சுருளாகச் சுற்ற, லேசர் புள்ளி திசுவின்மேல் ஓடுகிறது. புள்ளிக்குப் புள்ளி திரும்பிவரும் ஒளியை அளந்து அடுக்கினால் படம். வேறு சில கருவிகளில் இழைக்குப் பதில் குட்டிக் கண்ணாடி ஒன்று அசைந்து ஒளியைத் திருப்புகிறது. சிலவற்றில் கருவியின் நுனி திசுவில் படுவதும் உண்டு. ஆனாலும் படம் பிறப்பது ஒளியை அளப்பதால், தடவுவதால் அல்ல.

'பார்வையால் வருடினாள் என்று எழுதுவதில்லையா?' என்று கேட்கிறார்கள். எழுதலாம், கதையில். கலைச்சொல்லுக்கு அந்தச் சலுகை கிடையாது. 'நுண்படக்கருவி' என்பவர்கள் இன்னும் மோசம். முழுக்காட்சியையும் ஒரே நேரத்தில் பிடிக்கும் கேமராவுக்கும், புள்ளி புள்ளியாகச் சேர்க்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டையே அழித்துவிடுகிறார்கள். இவ்வளவு சிறிதாக இது அமைவதே அந்த வேறுபாட்டால்தான்!

நம்மிடம் 'அலகிடுதல்' இருக்கிறது. செய்யுளை நேர், நிரை என அசை பிரித்து அளப்பதற்கு யாப்பில் அதுதான் பெயர். லத்தீன் சொல் நடந்த அதே வழி. அதற்குத் துடைப்பத்தால் பெருக்குதல் என்ற பொருளும் உண்டு. விடியுமுன் கோயிலில் அலகிடச் சொல்கிறார் அப்பர். ஒரு பரப்பு முழுவதும் விடாமல் போய்வருவது, அலகு அலகாக அளப்பது என்ற இரண்டும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. ஸ்கேனருக்கு இதைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்?

அலகிடுதல் என்று எழுதியவர்கள் முன்பே உண்டு. அதைத் தேடிப் பார்க்காமல், காகிதத்தை நகலெடுக்கும் பெட்டிக்கு வைத்த 'வருடி' என்ற பெயரையே உடலுக்குள் போகும் கருவிக்கும் மாட்டிவிடுகிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். கருவி எப்படி இயங்குகிறது என்று ஒரு பக்கம் படித்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது. பேச்சில் 'ஸ்கேன் எடுக்கணும்' என்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அது யாரையும் குழப்புவதில்லை. எழுத்தில் தமிழ்ச்சொல் வேண்டுமென்றால், 'அகநோக்கு நுண்ணலகிடி' என்று எழுதுங்கள். ஒளியால் இயங்குவதைச் சுட்ட வேண்டிய இடத்தில் 'ஒளியலகிடி' போதும்.