ஏலகிரி ஏற்றத்தில் மட்டும் ஏன் மிஸ்ஸிங்?

வேலூரிலிருந்து வாணியம்பாடி வரை கார் சத்தமே இல்லாமல் வந்தது. ஏலகிரி மலையில் மூன்றாவது வளைவு தாண்டியதும் குலுங்க ஆரம்பித்துவிட்டது. மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள். அன்று ஒரு பெயரையும் நின்று படிக்கிற மனநிலையில் நான் இல்லை. டேஷ்போர்டில் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அது அணையாமல் எரிந்தால் ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். மினுக்கினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

இதற்கு முன் இதே மிஸ்ஸிங்குக்காகப் பார்த்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றி, எஞ்சின் பாடியில் வைத்து ஸ்டார்ட் அடித்து, "நல்லா நீலமா பொறி வருது சார், இக்னிஷன்ல ஒண்ணுமில்ல" என்று பெட்ரோல் பம்ப்பை மாற்றிவிட்டார்கள். பணம் போனது, மிஸ்ஸிங் போகவில்லை.

அந்தச் சோதனையில்தான் கோளாறு. ப்ளக் முனையின் இடைவெளி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். வெளிக்காற்றில் அதைத் தாண்ட 3,000 வோல்ட் அளவு போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை நெருக்கிப் பிடித்திருக்கும்போது அது போதவே போதாது. ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்னும் அதிகக் காற்று உள்ளே போகிறது, அழுத்தம் கூடுகிறது, பொறி தாண்டத் தேவையான வோல்டேஜும் ஏறுகிறது. ப்ளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் இன்னும் மோசம்.

அவ்வளவு வோல்டேஜ் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எப்படி வருகிறது? என் காரில் ஒவ்வொரு ப்ளக்கின் மேலும் அதை ஏற்றித்தரும் ஒரு காயில் இருக்கிறது. அதற்குள் இரண்டு கம்பிச் சுற்று. தடித்த கம்பியில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் கட்டுகிறது. எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியு அந்த மின்சாரத்தைச் சட்டென்று வெட்டும்போது புலம் சரிந்து, பல ஆயிரம் சுற்றுள்ள மெல்லிய கம்பியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் எழும்புகிறது. அம்பாசிடர் காலத்தில் வெட்டுகிற வேலையை பாயிண்ட் என்ற சின்ன சுவிட்ச் செய்தது. இன்று டிரான்சிஸ்டர் செய்கிறது, அவ்வளவுதான். 3,000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இது நடக்கிறது.

ஏரி நிரம்பாதவரை கரையின் ஓட்டை தெரியாது. நிரம்பினால் தண்ணீர் மதகுக்குப் போகாமல் கரை பலவீனமான இடத்தில் பிய்த்துக்கொண்டு போகும். காயிலிலும் அதே கதை. ப்ளக் முனையைத் தாண்டுவது கடினமானால், காயிலையும் ப்ளக்கையும் இணைக்கும் ரப்பர் உறையான பூட் விரிசல் விட்டிருந்தால் அதன் வழியாக மின்சாரம் எஞ்சின் பாடிக்கு இறங்கிவிடும். ரப்பர் இறுகிப்போனதற்கு வேலூர் வெயிலைத் திட்டுவது எங்கள் ஊர் வழக்கம். வெயில் 42 டிகிரிதான். ரேடியேட்டர் தண்ணீரே 90 டிகிரி இருக்கும். திட்ட வேண்டியது எஞ்சின் சூட்டைத்தான்.

சத்துவாச்சாரியில் ஒரு மெக்கானிக் ஸ்கேனரை மாட்டினார். அதில் வந்த கோளாறு எண் பி0303: மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது மிஸ்ஸிங். காயிலா, ப்ளக்கா, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அவர் எதையும் வாங்கச் சொல்லவில்லை. மூன்றாவது காயிலை பூட்டோடு எடுத்து ஒன்றாவதில் போட்டார், ஒன்றாவது காயிலை மூன்றாவதில் போட்டார், ஸ்கேனரில் கோளாறு எண்ணை அழித்தார்.

"மலைக்குப் போகணுமா?" என்றேன்.

"எதுக்கு சார்? நாலாவது கியர்ல மெதுவா வச்சு மிதிங்க. அதுவே மலைதான்."

சர்வீஸ் ரோட்டில் மிதித்தேன். குலுங்கியது. இப்போது பி0301. கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது. ப்ளக்கும் இன்ஜெக்டரும் நகரவில்லையே.

பூட்டைத் தனியாகக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். உள்பக்கம் மேலிருந்து கீழே தலைமுடி கனத்தில் ஒரு கருப்புக் கோடு. மூன்றாவது ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே இடத்தில் ஒரு கோடு. ஒருமுறை பொறி ஓடிய தடம் கரியாகிறது. கரி மின்சாரம் கடத்தும். அடுத்த பொறிக்கு அதுவே ரோடு. பூட்டை மட்டும் மாற்றினால் ப்ளக்கில் இருக்கும் கோடு புதுப் பூட்டையும் கெடுத்துவிடும் என்று இரண்டையும் மாற்றச் சொன்னார். காயில் பழையதே ஓடுகிறது.