அட்வைஸ் ஏன் காதில் ஏறுவதில்லை?

பிள்ளையிடம் தனக்குப் பிடிக்காத ஒன்றைப் பற்றி ஓர் அம்மா 30 வினாடி பேசுகிறார். அது பதிவாகிறது. அப்புறம் பிள்ளையை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து அந்தப் பதிவைக் கேட்கச் செய்கிறார்கள். அமெரிக்காவில் சராசரியாக 14 வயதுள்ள 32 பேரிடம் நடந்த சோதனை இது. மனநலச் சிக்கல் எதுவும் இல்லாத பிள்ளைகள்தான். அம்மா குறை சொல்வதைக் கேட்டபோது, மனக்கசப்போடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளில் செயல்பாடு கூடியது. அது எதிர்பார்த்ததுதான். உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க உதவும் பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று யோசிக்க உதவும் பகுதிகளிலும் குறைந்தது.

இந்த மூன்றாவது முடிவைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். “உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்” என்கிறோம். உண்மைதான். ஆனால் அந்த நல்லதைப் புரிந்துகொள்ள எந்தப் பகுதிகள் வேலை செய்ய வேண்டுமோ, அவை அந்த நேரத்தில் அடங்கிவிடுகின்றன போலிருக்கிறது. காதில் விழுவது கசப்பு மட்டும்தான்.

“இந்த வயசுல மூளை வளரலை, அதான்” என்று சிலர் முடித்துவிடுவார்கள். அது பாதி உண்மை. பருவமடையும்போது உணர்ச்சி, பரிசு, பாராட்டு இவற்றுக்குத் துடிக்கும் மூளைப் பகுதிகள் சீக்கிரமே கூர்மையாகிவிடுகின்றன. நிதானிக்கவும் திட்டமிடவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆனால் பதற்றமில்லாமல், தனியாக உட்கார்ந்து யோசிக்கும்போது 16 வயதுப் பிள்ளை தர்க்கத்தில் பெரியவர்களுக்கு அவ்வளவாகச் சளைத்ததில்லை. மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் கார் ஓட்டும் கணினி விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தால் பதின்வயதினர் அதிகமாக ஆபத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆக, அறிவு இல்லை என்பதல்ல சிக்கல். உணர்ச்சி கொதிக்கும் நேரத்தில் அந்த அறிவு கைக்கு வருவதில்லை. மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசினாலோ, சொந்தக்காரர்கள் முன்னால் பேசினாலோ, எவ்வளவு நல்ல புத்திமதியும் வீண்தான்.

அதோடு, பிள்ளை நம் குரலிலிருந்து விலகுவதும் வளர்ச்சியின் ஒரு பகுதி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், 12 வயதுவரையுள்ள குழந்தைகளின் மூளையில் பரிசை உணரும் பகுதி அம்மாவின் குரலுக்கே அதிகமாகத் துலங்கியது. 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்களிடம் அது மாறி, முன்பின் தெரியாத குரல்களுக்கு அதிகமாகத் துலங்கியது. நாளைக்கு வெளியுலகத்தில் வாழப்போகிற பிள்ளைக்கு இது தேவை. இதில் மனம் நோக ஒன்றுமில்லை.

முடிவெடுக்கும் உரிமை பறிபோகிறது என்று தோன்றினால் மனிதர்கள் முரண்டு பிடிப்பார்கள் என்று உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-லேயே விளக்கியிருந்தார். பதின்பருவத்தில் அது பல மடங்கு. இதையே நல்லதுக்குத் திருப்ப முடியும் என்று கிறிஸ்டோபர் பிரையனும் டேவிட் யேகரும் 2016-ல் காட்டினார்கள். டெக்சாஸில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு நல்ல உணவின் நன்மைகள் பற்றிய வழக்கமான பாடம். இன்னொரு பகுதியினருக்கு, நொறுக்குத்தீனி நிறுவனங்கள் பிள்ளைகளை எப்படி ஏமாற்றி விற்கின்றன என்ற விவரம். மறுநாள் வேறு ஏதோ காரணம் சொல்லித் தின்பண்டம் நீட்டியபோது, இரண்டாவது குழு கெடுதலானவற்றைக் குறைவாக எடுத்தது. “சாப்பிடாதே” என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஏமாறக்கூடாது என்ற அவர்களுடைய ரோஷமே வேலையைச் செய்தது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? தோழிகள் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து தன்னை நீக்கிவிட்டார்கள் என்று மகள் அழுகிறாள். “இதெல்லாம் ஒரு விஷயமா? படிப்பைப் பாரு” என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “உனக்கு எப்ப தெரிஞ்சுது? ரொம்ப அவமானமா இருந்துதா?” என்று கேட்டால் அவள் சொல்ல ஆரம்பிப்பாள். உணர்ச்சிக்குச் சொல் கொடுக்கும்போது, மூளையில் பயம் போன்ற உணர்ச்சிகளைக் கிளப்பும் அமிக்டலா என்ற பகுதியின் கொந்தளிப்பு குறைவதை உளவியலாளர் மேத்யூ லீபர்மனின் குழு 2007-ல் பதிவு செய்தது. ஆகவே கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பதும் ஓர் உதவிதான். அவள் அடங்கிய பிறகு, “நீ என்ன செய்யலாம்னு நினைக்கிற?” என்று கேளுங்கள். அதற்கும் பிறகு, “எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?” வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். நாளைக்கு அவளே வந்து கேட்க வாய்ப்பு உண்டு.

அறிவுரை சொல்பவருக்கே அது பலன் தருகிறது என்பதும் தெரிய வந்திருக்கிறது. 2019-ல் வெளியான ஆய்வில், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1,982 பேர் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரைத் தங்களைவிடச் சின்னவர்களுக்குப் படிப்பு பற்றி ஆலோசனை சொல்லச் சொன்னார்கள். சில நிமிட வேலைதான். அந்தக் கல்விப் பருவத்தில் ஆலோசனை சொன்னவர்களின் மதிப்பெண்கள் கொஞ்சம் கூடின. படிக்க முரண்டு பிடிக்கும் அண்ணனிடம், தம்பிக்கு எப்படிச் சொல்லித்தரலாம் என்று யோசனை கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தப் பொறுமை கூடாது. சாகணும் போல இருக்கிறது என்றோ, யாரோ தன்னிடம் தவறாக நடந்தார்கள் என்றோ பிள்ளை சொன்னால் நேரடியாகக் கேட்க வேண்டும். தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளையைத் தனியாக விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இந்தியாவில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலும் பேசலாம். சிறுவர்களுக்கான உதவி எண் 1098. அதற்குப் பிள்ளைகள் தாங்களாகவே கூப்பிடலாம் என்பதையும் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.