"தானா சரியாப் போச்சு சிஸ்டர்" என்றால், அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்

மறுபடியும் ஒரு கேஸ். இளம் பெண், கையில் குழந்தை, இடுப்புக்குக் கீழே மதமதவென்று இருக்கிறது, சிறுநீர் அவசரமாக வருகிறது, உட்கார்ந்தால் போக மாட்டேன் என்கிறது. விசாரித்தால் கல்யாணத்துக்கு முன்பே ஒரு கண் மங்கி, கண்ணை அசைத்தால் வலித்து, சில வாரங்களில் தெளிந்திருக்கிறது. அப்புறம் ஒரு தடவை வலது கை. கண்ணுக்குக் கண்ணாடிக் கடை, கைக்கு நரம்பு ஊசி, காலுக்கு எண்ணெய்த் தேய்ப்பு. மூன்றையும் ஒரே சீட்டில் யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்ற சந்தேகம் இரண்டாவது தடவையே யாருக்காவது வந்திருக்கும்.

உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் மேலுறையைத் தாக்கும் நோய் இது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும், பெண்களுக்குத்தான் அதிகம். நர்ஸிங் படித்த யாருக்கும் இது புதிதில்லை, மேலே போவோம்.

எனக்கு ஆத்திரம் வருவது அந்த ஊசிக் கதையில்தான். "அந்த டாக்டர் அஞ்சு ஊசி போட்டாரு, கை சரியாப் போச்சு" என்கிறார்கள். அம்மா, ஊசி போடாமல் வீட்டில் சும்மா படுத்திருந்தாலும் அந்தக் கை பெரும்பாலும் தேறியிருக்கும்! இந்த நோயின் வழக்கமே அதுதான். சில நாட்களில் ஏறும், சில வாரங்கள் இருக்கும், பிறகு இறங்கும், பல பேருக்கு ஆரம்ப வருஷங்களில் முழுசாகவே இறங்கிவிடும். அப்புறம் மாதக்கணக்கிலோ வருஷக்கணக்கிலோ ஒன்றும் இருக்காது. இறங்குகிற நேரத்தில் யார் கையில் சிரிஞ்ச் இருந்ததோ அவருக்குப் பேர். சத்து ஊசிக்குப் போகட்டும், கோயில் கயிற்றுக்கும் மந்திரித்ததற்கும் இதே கணக்கில்தான் பேர் கிடைக்கிறது. வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் மரக்கும், அதை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டு ஊசி போட்டால் நான் ஏன் சண்டைக்கு வருகிறேன்? பார்க்காமலே போட்டு, சரியானதும் நோயே போய்விட்டதாக நம்புவதுதான் பிரச்சினை. வெளியே அடங்கியது போல இருந்தாலும் உள்ளே சேதம் சேர்ந்துகொண்டே போகலாம். அடுத்தடுத்த தாக்குதலைக் குறைக்க இன்று மருந்துகள் இருக்கின்றன, ஆனால் சீக்கிரம் ஆரம்பித்தால்தான் அவற்றின் முழுப் பலன்.

டாக்டருக்கு ஒரு நோயாளியோடு கிடைப்பது சில நிமிஷம். பி.பி. பார்க்கும்போது, டிரிப் மாற்றும்போது, தடுப்பூசி போடும்போது பேச்சு நம்மிடம்தான் வருகிறது. யாரும் "எனக்குக் கண் நரம்பில் அழற்சி" என்று சொல்ல மாட்டார்கள். "சிவப்புப் புடவை ஒரு கண்ணுல மட்டும் வெளுத்துத் தெரியுது", "குனிஞ்சா முதுகுல கரண்ட் அடிக்குது", "இடுப்பைச் சுத்தி யாரோ இறுக்கிக் கட்டின மாதிரி இருக்கு", "கால் பின்னுது" என்பார்கள். கழுத்தைக் குனிந்தால் கரண்ட் அடிப்பது கழுத்து எலும்புத் தேய்மானத்திலும் வரும்தான். ஆனால் 25 வயதில் வந்தால் மூட்டு வலி மாத்திரை கொடுத்து அனுப்பாதீர்கள்.

எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இன்னொரு தொல்லை, எல்லாவற்றுக்கும் தண்ணீர் மேல் பழி. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீர் குடித்தே ஒரு தலைமுறை வளர்ந்தது உண்மை, ஒகேனக்கல் தண்ணீர்த் திட்டமே அதற்காகவும்தான் வந்தது. ஆனால் ஃபுளோரைடு வருஷக்கணக்கில் பல்லையும் எலும்பையும் கெடுக்கும், ஒரே வாரத்தில் ஒரு கண்ணை மங்க வைத்துவிட்டுத் திருப்பித் தராது. சர்க்கரையில் வரும் மரப்பும் அப்படித்தான், இரண்டு பாதத்திலும் மெதுவாக ஏறும். இளம் வயதில் ஒரு பக்கம் மட்டும், அல்லது ஒரு கோடு போட்டது போல அதற்குக் கீழே மட்டும், சில நாட்களுக்குள் மரத்தால் யோசியுங்கள். நிமிஷத்தில் வாய் கோணி கை விழுந்தால் மட்டும் எதையும் யோசிக்காமல் 108. அது பக்கவாதமாக இருக்கலாம்.

கிராம சுகாதார செவிலியர்களுக்குத் தனியாக ஒன்று. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் எம்.எஸ். அடங்கி இருக்கும், பிரசவமான முதல் மூன்று மாதத்தில்தான் திரும்பத் தாக்கும் வாய்ப்பு கூடும். அந்த நேரத்தில் என்ன சொன்னாலும் வீட்டில் "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிடுவார்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிய பிறகு கண் மங்குகிறது, கால் துவள்கிறது என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். உடம்புச் சூடு ஏறினால் பழைய அறிகுறி தலைகாட்டுவதும், ஆறியதும் மறைவதும் இந்த நோயில் வழக்கம். ஒரு காலத்தில் வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்தே இதைச் சோதித்தார்கள்! சித்திரை வெயிலில் மாங்கூழ் தொழிற்சாலையில் நிற்கிற பெண்ணுக்கும் இதே கதை நடக்கும்.

மாமியார் "நடிக்கிறா" என்று சொன்னால் அது வீட்டுச் சண்டை. டியூட்டி ரூமில் நாமே அதைச் சொன்னால் என்ன சொல்வது? காலையில் நடந்தவள் மதியம் நடக்கவில்லை என்பதாலேயே நடிப்பு ஆகிவிடாது.

வீடு தேடிப் போய்ப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டு வாசலில் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கும்போது இளம் வயதினர் யாராவது மரப்பு, மங்கல் என்று சொன்னால் ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்: "இதுக்கு முன்னாடி வேற எங்கயாவது இப்படி வந்து, தானா போயிருக்கா?" ஒரு நாளுக்கு மேல் நீடித்ததா, அப்போது காய்ச்சல் இருந்ததா, எந்தப் பக்கம், எத்தனை நாள் என்று சீட்டில் எழுதுங்கள். நோயின் பெயரை நாம் சொல்ல வேண்டாம், அது டாக்டர் வேலை, எம்.ஆர்.ஐ. பார்த்துச் சொல்லட்டும். இதே மாதிரி இருக்கும் வேறு நோய்களும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ஓசூர்க்காரர்களுக்கு மூளை நரம்பு நோய்களுக்கான பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை பக்கம்தான். தாக்குதலை அடக்க வார்டில் ஸ்டீராய்டு டிரிப் ஏற்றும் முன் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா, சர்க்கரை எவ்வளவு என்று பார்த்தாச்சா என ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், கண் டாக்டர் சீட்டு, பழைய ஸ்கேன் படம், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். அதான் சரியாப் போச்சே என்று போகிக்குக் கொளுத்திவிடாதீர்கள்.